ஒரே வருஷத்து பத்து சென்ட் காமிக்ஸ், ஒன்னு 4 டாலர் ஒன்னு 45 டாலர் – ஒரு பழைய காமிக்ஸ் கடை ரிவ்யூ

மொதல்லயே ரேட்டிங் சொல்லிடுறேன், அஞ்சுக்கு நாலு. அந்த ஒரு மார்க் எங்க போச்சுன்னு கடைசில வரேன். கடை பேர் போடல, ஏன்னா குறையும் சொல்லப்போறேன், ஒத்த ஆளா ஒரு பெரியவர் நடத்துற சின்ன கடை, நாம எழுதி அவர் பொழப்புல மண்ணப் போட வேணாம். கொலம்பஸ்லேர்ந்து முக்கா மணி நேர டிரைவ், ஒஹையோவுல இருக்குற எல்லா சின்ன ஊர் மாதிரியும் ஒரு மெயின் ரோடு, அதுல ஒரு முடிவெட்டுற கடை, ஒரு பீட்சா கடை, ரெண்டுக்கும் நடுவுல இது. வெளிலேர்ந்து பாத்தா கடை தெறந்துருக்கா மூடிருக்கான்னே தெரியாது, ரெண்டு தடவ கடந்து போய் யூ டர்ன் அடிச்சேன்.

உள்ள போனா அந்த வாசனை. பழைய புத்தகக் கடைக்குள்ள போனவங்களுக்கு சொல்ல வேண்டியதில்ல. முன்னாடி பூரா சூப்பர்ஹீரோ, அத தாண்டி வந்துட்டேன், எனக்கு அதுல அவ்வளவா ஒட்டல. நான் போனது வாத்துக்கு. சின்ன வயசுல ஞாயித்துக்கிழமை தூர்தர்ஷன்ல டக்டேல்ஸ் ஹிந்தில ஓடும், ஒரு வார்த்த புரியாது, இருந்தாலும் அந்த தாத்தா வாத்து காசுக் குவியல்ல குதிச்சு நீச்சல் அடிக்கிறத வாயப் பொளந்து பாத்த கோஷ்டி நான். இங்க வந்து நாலு காசு சம்பாதிக்க ஆரம்பிச்சப்பறம்தான் தெரிஞ்சுது அந்த தாத்தா டிவிக்கு பொறந்தவர் இல்ல, 1947ல பத்து சென்ட் காமிக்ஸ்ல பொறந்தவர்னு. அன்னிலேர்ந்து பிடிச்ச பைத்தியம் இது.

கடைல கார்ட்டூன் காமிக்ஸ் மூணு எடத்துல இருக்கு. மேஜைக்கு அடில ஒரு டாலர் டப்பா, குத்த வச்சு உக்காந்துதான் பாக்கணும், முட்டி வலி இருக்கவங்க யோசிச்சுக்கோங்க. பின் சுவரு ஓரமா நீளப் பெட்டிங்க, ஒவ்வொன்னும் கவர்ல போட்டு பின்னாடி அட்ட வச்சு வெல ஒட்டிருக்கும். அப்பறம் சுவத்துல தொங்குறது, பத்து பதினஞ்சு இருக்கும், அதுல கை வைக்கக் கூடாது, கேட்டா அவரே எடுத்துக் குடுப்பாரு.

நான் மொதல்ல எடுத்தது ரெண்டு புத்தகம். ரெண்டும் டெல் கம்பெனி, ரெண்டும் 1954, ரெண்டும் அன்னிக்கு பத்து சென்ட், ரெண்டும் ஏறக்குறைய ஒரே அளவு கந்தல். ஒன்னு மிக்கி மவுஸ், வெல 4 டாலர். இன்னொன்னு அந்த தாத்தா வாத்தோட புத்தகம், அங்கிள் ஸ்க்ரூஜ் 6ஆம் நம்பர், 45 டாலர். ஒரு நிமிஷம் ஸ்டிக்கர் மாத்தி ஒட்டிட்டாரோன்னு தோணுச்சு. ஏன்னா உலகத்துல யார எழுப்பி கேட்டாலும் மிக்கிய தெரியும், ஸ்க்ரூஜ தெரிஞ்சவங்க அதுல பாதி கூட தேறாது. அவர் கிட்டயே போய் கேட்டேன், ஏங்க இப்படின்னு.

அவர் பதில் சொல்லல, கல்லாக்கு பக்கத்துல இருந்த ஓவர்ஸ்ட்ரீட் விலைப் புத்தகத்த எடுத்தாரு. பழைய காமிக்ஸ் வாங்கி விக்கிறவங்களுக்கு அதுதான் பஞ்சாங்கம், 1970லேர்ந்து வருது, செங்கல் மாதிரி கனம், இவரோடது ஓரமெல்லாம் வெத்தலபாக்கு போட்ட வாய் மாதிரி இருக்கு. வால்ட் டிஸ்னி பக்கத்த தெறந்து விரல வச்சு கீழ இழுத்துட்டே வந்தாரு. ஒவ்வொரு நம்பருக்கும் ஒரு வரி, வெல. நடுநடுல சில நம்பருக்கு பக்கத்துல மட்டும் ஒரு குட்டி எழுத்து, பார்க்ஸ்-ஏ. அப்படின்னா அதுல கார்ல் பார்க்ஸ் ஓவியம் இருக்குன்னு அர்த்தம். அந்த குட்டி எழுத்து இருக்கற எடத்துல வெல ஒரு படி ஏறி நிக்குது, இல்லாத எடத்துல எறங்கிடுது. "வாத்துக்கு யாரும் காசு குடுக்கல தம்பி, இந்த ஆளுக்குதான் குடுக்கறாங்க"ன்னாரு. தம்பின்னு சொல்லல, இங்கிலீஷ்ல ஏதோ பட்டின்னு (buddy) சொன்னாரு, எனக்கு தம்பின்னுதான் கேட்டுச்சு.

இதுல வேடிக்க என்னன்னா, அந்த ஆள் பேரு அந்த புத்தகம் எதுலயும் இருக்காது. அட்டைல வால்ட் டிஸ்னி, உள்ள வால்ட் டிஸ்னி, எழுதுனவர் வரஞ்சவர் பேச்சே கெடயாது. பார்க்ஸ் 1901ல ஓரிகன்ல பொறந்தவரு, டிஸ்னி ஸ்டூடியோல கதை டிபார்ட்மென்ட்ல இருந்துட்டு 1942ல வேலய விட்டுட்டு கோழி வளக்கலாம்னு கெளம்புனவரு. அந்த சமயத்துல காமிக்ஸ் வரைய ஆள் வேணும்னு கேட்டாங்க, சரின்னு ஒத்துக்கிட்டாரு, அப்பறம் 1966ல ரிட்டயர் ஆகற வரைக்கும் அதே வேலதான், கதையும் அவரே படமும் அவரே. ஸ்க்ரூஜ், கிளாட்ஸ்டோன் கேண்டர், பீகிள் பாய்ஸ், கைரோ கியர்லூஸ் எல்லாம் அவர் கைல பொறந்ததுங்க. பேரே தெரியாத காலத்துலயே அமெரிக்கப் பசங்க அவர கண்டுபிடிச்சுட்டாங்க, பத்து பேர் வரைஞ்ச வாத்துல இது யாரு வாத்துன்னு கண்ணு கோட்டுலயும் அலகு வளைவுலயும் தெரியும், அதனால "நல்ல வாத்து ஓவியர்"னு தாங்களே ஒரு பட்டம் வச்சுக்கிட்டாங்க. 1960 வாக்குலதான் ஒரு ரசிகருக்கு அவர் பேரும் அட்ரஸும் கெடச்சு லெட்டர் போட்டாரு. இந்தியா, ஆப்பிரிக்கா, ஆண்டிஸ் மலைன்னு வாத்துங்கள கூட்டிட்டு சுத்துன மனுஷன் வெளிநாடுன்னு மொதமொதல்ல கெளம்புனது 1994ல, வயசு 93. அதுவரைக்கும் எல்லாம் நேஷனல் ஜியாகிரஃபிக் புத்தகத்த பாத்து வரஞ்சது.

மிக்கி கதைக்கு வருவோம். மிக்கிக்கும் ஒரு பெரிய கை இருந்துச்சு, ஃபிளாய்ட் காட்ஃப்ரட்சன், ஆனா அவர் வேல செஞ்சது பேப்பர்ல வர்ற தொடர்ல. அந்த தொடரத் தொகுத்து 1941ல டெல் ஒரு புத்தகம் போட்டாங்க, ஃபோர் கலர்னு பல கேரக்டர மாத்தி மாத்தி போட்ட வரிசைல 16ஆம் நம்பர், ஃபேன்டம் பிளாட்னு கருப்பு துணி போத்துன வில்லன் வருவான், அத நல்ல நிலமைல பாத்தீங்கன்னா வீட்டுப் பத்திரத்தோட சேத்து லாக்கர்ல வைங்க. ஆனா 50கள்ல வந்த சாதாரண மிக்கி காமிக்ஸ் வேற, ஒழுங்கான கதைதான், துப்பறியும் கத, பசங்களுக்குப் பிடிக்கும், ஆனா எவனும் ராத்திரி தூக்கம் கெட்டு தேடமாட்டான். அதான் 4 டாலர். புத்தக மார்க்கெட்ல மிக்கியோட புகழ் மிக்கிக்கே உதவல.

பார்க்ஸுக்கு நடந்த இதே கததான் லிட்டில் லூலுங்கற சின்னப் பொண்ணு காமிக்ஸ்லயும். அட்டைல மார்ஜ்னு உருவாக்குன அம்மா பேர் இருக்கும், உள்ள கத எழுதுனது ஜான் ஸ்டான்லின்னு ஒருத்தர், பேர் கெடயாது. 1945ல ஃபோர் கலர் 74லேர்ந்து ஆரம்பிக்குது. இன்னிக்கு எந்த குழந்தைக்கும் லூலு யாருன்னு தெரியாது, ஆனாலும் ஸ்டான்லி காலத்து புத்தகம் டாலர் டப்பாக்கு எறங்கவே இல்ல, பின் சுவரு பெட்டிலதான் இருக்கு. மத்த கார்ட்டூன்ல ஆண்டி பாண்டா எறங்கிடுச்சு. ஹெக்கிள் ஜெக்கிள் எறங்கிடுச்சு. மைட்டி மவுஸ் பாதி டப்பால பாதி பெட்டில.

இப்ப டாலர் டப்பா. இதுல முக்காவாசி ரிச்சி ரிச், கோடீஸ்வரப் பையன் கத. நம்ம ஃப்ரெண்டு ஒருத்தன் டல்லஸ்ல இருக்கான், மூணு வருஷத்துக்கு முன்னாடி எனக்கு போன் பண்ணி "மாப்ள, ரிச்சி ரிச் நாப்பது புக்கு ஒரே அடியா வாங்கிட்டேன்டா, பேர சொன்னா யாருக்கும் தெரியும், படம்லாம் வந்துருக்கு, பத்து வருஷம் வச்சிருந்தா வெல எங்கயோ போயிரும்"னான். நானும் சரிடா நல்ல ஐடியான்னேன், அப்ப எனக்கும் தெரியாது. இந்த டப்பா முன்னாடி குத்த வச்சு உக்காந்தப்பதான் அவன் நெனப்பு வந்துச்சு. ரிச்சி ரிச் மில்லியன்ஸ், ரிச்சி ரிச் டாலர்ஸ் அண்ட் சென்ட்ஸ், ரிச்சி ரிச் ஜாக்பாட்ஸ், ரிச்சி ரிச் டைமண்ட்ஸ், ரிச்சி ரிச் பேங்க் புக், வால்ட்ஸ் ஆஃப் மிஸ்டரி, மணி வேர்ல்ட், பிராஃபிட்ஸ்... ஒரு பையனுக்கு எத்தன புத்தகம்யா! 70கள்ல ஹார்வி கம்பெனி இவன் ஒருத்தன வச்சு டஜன் டஜனா தலைப்பு ஓட்டுச்சு, எல்லாத்துலயும் அஞ்சு பக்கம் ஆறு பக்கம் கத, ஒன்ன எடுத்து இன்னொன்னுல சொருகுனா யாருக்கும் வித்தியாசம் தெரியாது.

படம் மோசம்னு சொல்லிடாதீங்க. வாரன் கிரெமர் போட்ட அட்டைலாம் பாத்தா ஒவ்வொன்னும் ஒரு ஜோக், ஒரு வார்த்த இல்லாம சிரிக்க வைக்கும், டிசைனும் அருமையா இருக்கும். அந்த மனுஷனுக்கு இன்னும் மரியாத வரணும்ங்கறது என் கட்சி. ஆனா சேக்கறவன் எதத் தேடுவான்? "அந்த" கதை வேணும்னு தேடுவான். பார்க்ஸ் வாத்துக் கதைங்கள்ல "அந்த பனிமலை கத", "அந்த சதுர முட்டை கத"ன்னு சொன்னா நம்பரோட சொல்ற ஆளுங்க இருக்காங்க, சதுர முட்டைன்னா 1949ல வந்த ஃபோர் கலர் 223ன்னு தூக்கத்துல கேட்டாலும் சொல்லுவாங்க. ரிச்சில "அந்த கத" எதுன்னு கேட்டா நாப்பது புக்கு வச்சிருக்க என் ஃப்ரெண்டுக்கே சொல்ல வராது. ஹார்வில வெல நிக்கிறது எதுன்னா ஆரம்பம் மட்டும்தான். 1953 லிட்டில் டாட் ஒன்னாம் நம்பர், அதுலதான் ரிச்சி மொதல் தடவ தலகாட்டுறான். 1949ல காஸ்பர் பேய்க்குட்டியோட மொதல் காமிக்ஸ், அது ஹார்வியே இல்ல, செயின்ட் ஜான்னு வேற கம்பெனி. இந்த மாதிரி ஒன்னு ரெண்டு தவிர மத்ததெல்லாம் படிக்க வாங்கலாம், பசங்களுக்கு குடுக்கலாம், பாத்ரூம்ல வைக்கலாம். நான் அஞ்சு வாங்குனேன், அஞ்சு டாலர், ஒரு காப்பிக் காசு.

சரி அப்ப நெறைய அச்சடிச்சா வெல போயிருமான்னு கேப்பீங்க, நானும் பெரியவர் கிட்ட மடக்குறதா நெனச்சு கேட்டேன். ஏன்னா வால்ட் டிஸ்னிஸ் காமிக்ஸ் அண்ட் ஸ்டோரீஸ் 50கள் ஆரம்பத்துல மாசம் 30 லட்சம் காப்பிக்கு மேல வித்துச்சு, ரிச்சி ரிச்லாம் கிட்ட நிக்க முடியாது. அவர் ஒன்னும் பேசாம பெட்டிலேர்ந்து ஒரு காப்பிய உருவி வெளிச்சத்துல சாச்சு காமிச்சாரு. அட்டைக்கு நடுவுல மேலேர்ந்து கீழ வரைக்கும் ஒரு கோடு, கலர் உதுந்து வெள்ளையா, வேட்டி மடிப்பு மாதிரி நேரா. சந்தா மடிப்பு. அந்தக் காலத்துல வருஷ சந்தா கட்டுனா புத்தகத்த ரெண்டா மடிச்சு பேப்பர் சுத்தி தபால்ல அனுப்புவாங்க, அட்டையோட அழகு அன்னிக்கே போச்சு. டிஸ்னி காமிக்ஸ்க்கு சந்தாதாரர் ஏராளம், அதனால இந்த மடிப்பும் ஏராளம்.

மடிப்புக்கு தப்புனது பசங்க கைல மாட்டுச்சு. வாங்குனது ஆறு வயசு ஏழு வயசுப் பசங்க, சேத்து வைக்க வாங்கல. புள்ளிய இணைன்னா இணச்சாங்க, கலர் அடின்னா அடிச்சாங்க, கூப்பன் வெட்டுன்னா வெட்டுனாங்க, தம்பிக்கு குடுத்தாங்க, தம்பி கிழிச்சான். அதுக்கும் தப்புனது பேப்பராலயே போச்சு, மலிவு நியூஸ் பிரின்ட், உள்ளயே அமிலம், வருஷம் ஆக ஆக ஓரத்துலேர்ந்து பழுப்பாகி அப்பளமா நொறுங்கும். அதனால மாசம் 30 லட்சம் அடிச்ச புத்தகத்துல புத்தம் புதுசா ஒன்னு கெடைக்கறது குதிரக்கொம்பு. இதுல ஒரு உள்குத்து இருக்கு, டெல்லுக்கு அச்சடிச்சுக் குடுத்த வெஸ்டர்ன் கம்பெனியே தன் கிட்ட எடுத்து வச்ச காப்பிங்க பின்னாடி மார்க்கெட்டுக்கு வந்துச்சு, ஃபைல் காப்பின்னு முத்திரை இருக்கும், குழந்த கை படாத புத்தகம். உங்க கிட்ட இருக்கற நம்பருக்கு ஃபைல் காப்பி இருக்கா இல்லயாங்கறத பொறுத்து அதோட மேல் ரேட் ஆடும்.

கிரேடுன்னு சொல்றாங்களே அது இதுக்குத்தான். பத்துக்கு மார்க், 9.4 எல்லாம் கடைல இப்பதான் வந்த மாதிரி, 2.0ன்னா படிக்கலாம் ஆனா பாவமா இருக்கும், 0.5ன்னா பாடிய எடுங்கப்பா. 2000லேர்ந்து சிஜிசின்னு ஒரு கம்பெனி மார்க் போட்டு கெட்டி பிளாஸ்டிக் பெட்டில பூட்டி அனுப்புது. சுவத்துல ரெண்டு அப்படி தொங்குச்சு. என்ன கேட்டா 45 டாலர் புத்தகத்துக்கு அது வீண் செலவு, பூட்டி வச்ச புத்தகத்த எப்படிங்க படிக்கிறது? ஆனா ஒரு விஷயம், சூப்பர்ஹீரோல படம் வரப்போகுதுன்னு செய்தி வந்தாலே வெல ஏத்தி எறக்கற கூட்டம் ஒன்னு இருக்கே, அது இன்னும் வாத்துப் பக்கம் பெருசா வரல, எனக்கு அதுல சந்தோஷம்தான். இங்க வாங்கறவன் இந்தக் கதைங்கள படிச்சு ரசிச்சவன். நெறைய பேர் அமெரிக்காவே இல்ல, ஃபின்லாந்து, டென்மார்க், ஜெர்மனி, இத்தாலில எல்லாம் டொனால்ட் டக்தான் ராஜா, ஃபின்லாந்துல 1951லேர்ந்து ஆக்கு அங்க்கான்னு இவனுக்குன்னே ஒரு பத்திரிக வருது. போன வருஷம் சுவத்துல இருந்த ஒன்னு அங்கதான் போச்சுன்னாரு பெரியவர்.

புதுசா வாங்கறவங்க ஒரு தப்பு பண்ணுவாங்க, பழசுன்னா வெல, புதுசுன்னா வெல இல்லன்னு. அதுவும் கெடயாது. இந்தக் கடைலயே 1980ல வந்த ஒரு ஸ்க்ரூஜ் சுவத்துல தொங்குது, 179ஆம் நம்பர். அதுக்கு பக்கத்து நம்பருங்க பின் சுவரு பெட்டில சாதாரணமா கெடக்கு. என்ன ஆச்சுன்னா அந்த நேரத்துல வெஸ்டர்ன் கம்பெனி கடைங்கள்ல தனித்தனியா விக்கறத விட்டுட்டு விட்மன்னு பேர் போட்டு மூணு மூணா பிளாஸ்டிக் பைல அடைச்சு பொம்மைக் கடை, டிபார்ட்மென்ட் ஸ்டோருன்னு அனுப்புச்சு, 1980 பிற்பாதில அந்த பையும் சில ஊருக்குதான் போச்சு. காமிக்ஸ் கடைக்காரனுக்கு வரல, சேக்கறவனுக்கு தெரியல, வாங்குன அம்மா புள்ளைக்கு குடுத்துட்டு மறந்துட்டாங்க. விளைவு, 1955 ஸ்க்ரூஜ்கூட கெடைக்கும், இது கெடைக்காது. அதே மாதிரி 1970 மார்ச்ல வெஸ்டர்ன் கம்பெனி கோல்ட் கீங்கற பேர்ல போட்ட ஸ்கூபி டூ ஒன்னாம் நம்பர், இதுக்கு பார்க்ஸ் மாதிரி பெரிய கையெல்லாம் இல்ல, ஆனா அந்த நாய் அன்னிலேர்ந்து இன்னி வரைக்கும் டிவிய விட்டு எறங்கவே இல்ல, ஒவ்வொரு தலமுறைலயும் புதுசா ஒருத்தன் வளந்து சம்பாதிச்சு தேட ஆரம்பிக்கிறான். ஸ்கூபி டூவ எடுத்த ஹன்னா பார்பெரா ஸ்டூடியோவோட மத்த கார்ட்டூனுக்கு அதே கம்பெனி போட்ட புத்தகம் எத்தனையோ தேடுறவன் இல்லாம தூங்குது. 80கள்ல கிளாட்ஸ்டோன் கம்பெனி போட்ட டிஸ்னி காமிக்ஸ் டாலர் டப்பால குப்ப மாதிரி கெடக்கும், கிளறிப் பாருங்க, 1987ல வந்த ஸ்க்ரூஜ் 219 கெடச்சா விடாதீங்க, பார்க்ஸுக்கு அப்பறம் வாத்துல பேர் வாங்குன ஓவியர் டான் ரோசாவோட மொதல் வாத்துக் கத அதுலதான். நான் கிளறுனேன். கெடைக்கல. எனக்கு முன்னாடியே எவனோ கிளறிட்டான்.

நடுவுல என் சொந்த சோகம் ஒன்னு சொல்லிடுறேன். இந்தக் கடைக்கு வர்றதுக்கு முன்னாடி ஆன்லைன்ல ஒருத்தர் கிட்ட பன்னெண்டு டெல் காமிக்ஸ் மொத்தமா வாங்குனேன், போட்டோல அட்டை எல்லாம் ஜம்முனு இருந்துச்சு. வந்துச்சு, ஆசையா ஒரு டொனால்ட தெறந்து படிக்கிறேன், வாத்து மலை மேல ஏறுது, பக்கத்த திருப்புனா வாத்து வீட்டு சோஃபால உக்காந்துருக்கு. நடுத்தாள் இல்ல! நாலு பக்கம் போச்சு. அவர் கிட்ட கேட்டா "பழைய புத்தகம்தானே, அப்படித்தான் இருக்கும்"னு ஒரு பதில். பன்னெண்டுல மூணு அப்படி. ரெண்டுல முதுகு பூரா டேப், அந்த டேப் பசை மஞ்சளா உள்ள எறங்கி அட்டையவே தின்னுருக்கு. அன்னிலேர்ந்து எனக்கு ஒரு பழக்கம், எந்த புத்தகம் எடுத்தாலும் மொதல்ல நடுவுல தெறந்து ரெண்டு பின்னும் தாளப் பிடிச்சிருக்கா பாப்பேன், அப்பறம் பக்கத்த எண்ணுவேன், அப்பறம்தான் அட்ட. இந்தக் கடைல பெரியவரே கவர பிரிச்சு எண்ணிக் காமிச்சுத்தான் விக்கிறாரு, அட்டைக்குப் பின்னால பென்சில்ல குறைய எழுதியும் வச்சிருக்காரு, "8ஆம் பக்கம் புதிர் நிரப்பியது" அப்படின்னு. நாலு மார்க்ல ரெண்டு மார்க் இதுக்கு மட்டும்.

அந்த 45 டாலர் ஸ்க்ரூஜ வாங்கிட்டேன். வீட்டுல சொன்னது 20. மேல் மூலைல நகம் அளவு அட்ட போயிருக்கு, ஓரமெல்லாம் தோச ஓரம் மாதிரி செவந்து இருக்கு, மொத பக்கத்துல 1954ல எவனோ ஒரு பையன் தன் பேர பென்சில்ல எழுதி அடிக்கோடு போட்டுருக்கான். 2.0 தேறலாம், எனக்கு அது போதும். ராத்திரி பொண்ணு பக்கத்துல உக்காந்து படிச்சோம், அவளுக்கு எட்டு வயசு. இதுல இருக்கற கததான் டிராலா லா. ஸ்க்ரூஜுக்கு பணத்தொல்ல தாங்காம நரம்புத் தளர்ச்சி வந்துருது, காசுன்னாலே என்னன்னு தெரியாத ஒரு இமயமலைப் பள்ளத்தாக்குக்கு போய் நிம்மதியா இருக்கலாம்னு போறாரு, கூடவே மருந்து பாட்டில். அந்த பாட்டில் மூடி ஒன்னு அந்த ஊர்க்காரன் கைல கெடைக்குது. அவ்வளவுதான், அந்த ஊர்லயே ஒன்னே ஒன்னுதான் இருக்கு, ஆளாளுக்கு எனக்கு எனக்குன்னு அடிச்சுக்கறாங்க, மூடிதான் காசு ஆயிருது. சமாளிக்க முடியாம ஸ்க்ரூஜ் விமானம் வச்சு நூறு கோடி மூடிய கொண்டாந்து கொட்டச் சொல்றாரு, வயலெல்லாம் மூடி, அப்பறம் அந்த மூடிய எவனும் சீண்டல, எடுத்துட்டுப் போங்கடான்னு வெரட்டுறாங்க. பொண்ணு கேட்டா, "அப்பா, நீங்க வாங்குன அஞ்சு ரிச்சி ரிச்சும் இந்த மூடி மாதிரியா?" எட்டு வயசு. டல்லஸ்காரனுக்கு போன் பண்ணி சொன்னேன், ரெண்டு நிமிஷம் பேசவே இல்ல, அப்பறம் "நாப்பது டாலருக்கு எடுத்துக்கறியா மாப்ள"ன்னான்.

கத படிக்க மட்டும் ஆசன்னா பழச தேடவே வேணாம், ஃபேன்டாகிராஃபிக்ஸ் கம்பெனி 2011லேர்ந்து பார்க்ஸ் கதை எல்லாத்தயும் நல்ல தாள்ல கெட்டி அட்ட போட்டு கொண்டாந்துட்டு இருக்காங்க, நூலகத்துலயே கெடைக்கும். மறுபதிப்பு வந்தா பழசோட வெல விழுந்துரும்னு பயப்படுவாங்க, என் அனுபவத்துல கந்தல் காப்பிக்கு கொஞ்சம் அடி, நல்ல காப்பிக்கு ஒன்னும் ஆகல. புதுசா படிச்சுட்டு பைத்தியம் பிடிச்சு பழசு தேடி வர்றவங்களும் இருக்காங்கள்ல, நானே அப்படி வந்த ஆள்தான்.

இப்ப அந்த ஒரு மார்க். கடையோட முன் ஜன்னல் தெக்கு பாத்தது, மத்தியானம் வெயில் நேரா உள்ள வருது, சுவத்துல தொங்குற பதினஞ்சுல ஓரமா இருக்கற மூணு அந்த வெயில்லதான் காயுது. செவப்பு ரோஸாயிருச்சு, மஞ்சள் போயே போச்சு. அதுல ஒன்னு 1947 கிறிஸ்மஸ் ஆன் பேர் மவுன்டன், ஸ்க்ரூஜோட மொதல் கத! கெஞ்சிக் கேட்டேன், ஐயா ஒரு திரையாவது போடுங்கன்னு, "முப்பது வருஷமா அப்படித்தான் இருக்கு"ன்னாரு. முப்பது வருஷமா வெளுத்துட்டு இருக்குன்னு அர்த்தம். வேணுங்கறவங்க அந்த மூணுல கை வைக்காதீங்க, உள் சுவத்துல இருக்கறத கேளுங்க.

கெளம்பறப்ப சும்மா கேட்டு வச்சேன், மகாராஜா டொனால்ட் எப்பயாச்சும் வந்துச்சான்னு. 1947ல மார்ச் ஆஃப் காமிக்ஸ் 4ஆம் நம்பரா வந்தது, செருப்புக்கடை மாதிரி கடைங்க வாங்கி பசங்களுக்கு ஓசில குடுத்தது, டொனால்ட் இந்தியா வந்து மகாராஜா ஆகற பார்க்ஸ் கத. ஓசில வந்தத எவன் பத்திரப்படுத்துவான், அதனால இன்னிக்கு கண்ணுல படறதே கஷ்டம். பெரியவர் மூக்குக் கண்ணாடிய கழட்டித் தொடச்சுட்டு, ஒரே ஒரு தடவ வந்துச்சு, அட்ட இல்லாம, அதையும் நான் விக்கலன்னாரு. எங்க இருக்குன்னு கேட்டதுக்கு வீட்லன்னாரு, அதுக்கு மேல பேச்ச வளக்கல.

திங்கள் செவ்வாய் லீவு. புதன் போனீங்கன்னா புதுசா வாங்குன பெட்டிய அன்னிக்குத்தான் பிரிப்பாரு, காலைல பத்தரைக்கே போயிருங்க. அம்பது டாலருக்கு மேல வாங்குனா பத்து பர்சன்ட் கொறைப்பாரு, கேட்டாதான். பார்க்கிங் பீட்சா கடைக்குப் பின்னால.